'லைஃப் ஆஃப் ரைலி': யாருங்க இந்த ரைலி?

பிப்ரவரி 3, இரவு 10.40

ஒரு சந்தேகம். அயர்லாந்துக்காரர் ஒருவருடன் ஆறு வருடமாகத் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அழைப்பில் பேசி வேலை பார்த்தேன். கார்க் நகரத்து ஆள். போன வாரம் கடைசி அழைப்பில், இனிக் கொஞ்ச நாள் வீட்டில்தான் இருப்பேன், நீண்ட விடுப்பு என்று சொன்னேன். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே "அப்போ இனி உங்களுக்கு லைஃப் ஆஃப் ரைலிதான்" என்றார். நானும் புரிந்த மாதிரி சிரித்து வைத்தேன். ஆறு வருடப் பழக்கம் அது.

அகராதியில் 'வேலைவெட்டி இல்லாமல் வசதியாக, கவலையில்லாமல் வாழ்வது' என்று போட்டிருக்கிறது. சரி, அது புரிகிறது. எனக்கு வேண்டியது இரண்டு விஷயம். ரைலி என்று நிஜமாகவே ஒரு ஆள் இருந்தாரா? தமிழில் இதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? தயவுசெய்து 'நோகாமல் நுங்கு தின்பது' என்று யாரும் ஓடி வர வேண்டாம். அது வேறு. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை 6.15

விடை கிடைத்துவிட்டது. 1919இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கைப் பாட்டு வந்திருக்கிறது. பாடுகிறவன் பெயர் கெல்லி, ஆனால் வாழ்வதோ ரைலியின் வாழ்க்கை என்று அவனே பெருமையடித்துக்கொள்கிறான். அங்கிருந்துதான் சொல் பரவியதாம். இத்துடன் முடித்துக்கொள்ளலாம், நன்றி.

பிப்ரவரி 4, பகல் 12.50

காலையில் எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன், கிடக்கட்டும். முட்டாள்தனம்தான். கெல்லி 'நான் ரைலி மாதிரி வாழ்கிறேன்' என்று பாடினால், கேட்கிறவனுக்கு ரைலி யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இல்லையென்றால் எவன் சிரிப்பான்? பாட்டுக்கு முன்பே சொல் புழக்கத்தில் இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய வருடமே, 1918இல், நியூ ஜெர்சியில் இருந்த டிக்ஸ் என்ற ராணுவப் பயிற்சி முகாமிலிருந்து ஒரு சிப்பாய் எழுதிய கடிதம் செய்தித்தாளில் வந்திருக்கிறது. சாப்பாடு பிரமாதம், நல்ல கூட்டம், இதைத்தான் நாங்கள் ரைலி வாழ்க்கை என்கிறோம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறான். முதல் உலகப் போருக்குக் கப்பலேறக் காத்திருக்கும் பையன் எழுதுவது இது! வீட்டில் அம்மா கவலைப்படக் கூடாது என்று எழுதினானா, நிஜமாகவே சாப்பாடு நன்றாக இருந்ததா, யார் கண்டது.

பிப்ரவரி 5, இரவு 9.30

நுங்கு விஷயம். நோகாமல் நுங்கு தின்பவன் வாழ்க்கை முழுக்கச் சுகமாக இருக்கிறவன் இல்லை. அந்த ஒரு நுங்கில் மட்டும் சாமர்த்தியம் காட்டுகிறவன். மரம் ஏறியது ஒருத்தன், நெஞ்சில் சிராய்ப்பு வாங்கியது அவன், சீவிக் கொடுத்தது இன்னொருத்தன், இவன் விரலை விட்டு நோண்டித் தின்கிறான். அலுவலகத்தில் நாம் செய்த வேலையைத் தன் பெயரில் மேலதிகாரிக்கு அனுப்புகிறவனுக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை. ரைலிக்குப் பொருந்தாது. ரைலி யாருடைய நுங்கையும் பிடுங்கவில்லை. குறைந்தபட்சம் அந்தச் சொல்லில் அப்படி ஒரு குற்றச்சாட்டு இல்லை.

தண்டச்சோறு, ஓசிச்சோறு, வெட்டி ஆபீசர் எல்லாம் திட்டு. திட்டாமல் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 6, காலை 5.05

தூக்கம் வரவில்லை. வேலை நாளில் அலாரம் வைத்தும் எழாதவன், இப்போது நாலரைக்கே கண் விழித்துவிடுகிறேன்.

ரைலி என்பதா ரெய்லி என்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ரைலிதான், அதற்கு ஒரு பாட்டே சாட்சி. 1880களில் பாட் ரூனி என்ற மேடைக் கலைஞர் அமெரிக்காவில் பாடிப் பிரபலமான பாட்டு. 'ஓட்டல் வைத்திருக்கிறாரே, அந்த ரைலியா இவர்' என்று கேட்டு, ஊரே உயர்வாகப் பேசுகிறதே, நன்றாகத்தான் இருக்கிறீர் ஐயா என்று கிண்டலும் மெச்சலுமாகப் போகும். அதில் ரைலிக்கு இயைபாக 'ஹைலி' என்ற சொல் வருகிறது. உச்சரிப்புத் தகராறு அங்கேயே தீர்ந்தது. ரைலி வாழ்க்கை என்ற சொற்றொடர் அதில் இல்லை, ஆனால் 'நல்லா இருக்கிற ரைலி' என்ற ஆள் அங்கிருந்துதான் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

ஆனால் கவனியுங்கள், அந்த ரைலி ஓட்டல் நடத்துகிறவர். எங்கள் பெரியம்மா வீட்டுக்காரர் பல்லடத்தில் இருபது வருடம் ஓட்டல் நடத்தினார். காலை மூன்றரைக்கு மாவு, ஐந்துக்கு முதல் ஈடு இட்லி, ராத்திரி பதினொன்றுக்கு அடுப்பு கழுவல். மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டால் பெரியப்பாவே கரண்டி பிடிப்பார். உழைக்காத வாழ்க்கைக்கு ஓட்டல்காரரை உதாரணமாகப் பிடித்தது யார் வேலை?

பிப்ரவரி 6, மதியம் 2.10

இதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைலி அல்லது ஓ'ரைலி அயர்லாந்தில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அவர்களுடைய பூர்வீகம் கேவன் பக்கம். 1400களில் அந்தக் குலத்தார் அங்கே சிற்றரசர்கள். சொந்தமாகக் காசு அடித்துப் புழங்கவிட்டார்கள் என்றும், அதைத் தடுக்க 1447இல் சட்டமே போட்டார்கள் என்றும் வரலாறு இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு 'தானே காசு அடிப்பவனுக்கு வேலை எதற்கு, அதுதான் ரைலி வாழ்க்கை' என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் 1447க்கும் சொல் அச்சில் வரும் 1900களுக்கும் நடுவே நானூற்றைம்பது வருட வெற்றிடம். சொற்களுக்குக் கதை கட்டுவதில் வெள்ளைக்காரரும் நம்மைப் போலத்தான் என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சொல் பிறந்தது அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவில். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் தொடங்கியது. ஏழு வருடத்துக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் பத்து லட்சத்துக்குக் குறையாமல் ஊரைவிட்டுப் போனார்கள், அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு. அதற்கு முன்பே அமெரிக்காவில் ஈரி கால்வாய் வெட்டியவர்களில் ஏராளமானோர் ஐரிஷ்காரர்கள். அப்புறம் 1860களில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ரயில் பாதை போட்டதும் அவர்கள். பெண்கள் பணக்கார வீடுகளில் சமையலுக்கும் பாத்திரத்துக்கும். 'ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று வேலை விளம்பரத்திலேயே போட்ட காலம் அது. மேடையில் ஐரிஷ்காரன் வந்தாலே கையில் மண்வெட்டி அல்லது புட்டி, சனங்கள் சிரிக்கத் தயார்.

அந்த மேடையில்தான் ரைலி வசதியாக இருப்பதாகப் பாட்டு வருகிறது. இப்போது யோசித்தால் நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. மண் வெட்டுகிற குப்பன் நாளைக்கு ஜமீன்தார் ஆனால் எப்படி இருக்கும் என்கிற சிரிப்பு. பார்க்க வந்த ஐரிஷ்காரர்களே ரசித்துச் சிரித்திருப்பார்கள், கொஞ்சம் ஆசையோடும். முதுகொடிய உழைத்த ஒரு கூட்டத்தின் பெயர், உழைக்காமல் இருப்பதற்கு அடையாளமாகிவிட்டது.

சமையலறையில் குக்கர் ஐந்தாவது விசில். அணைத்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 6, மதியம் 2.45

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ரைலிக்குச் சமர்ப்பணம்.

பிப்ரவரி 8, இரவு 8.20

இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. இடையில் நிறையப் பேர் தமிழ்ச் சொற்கள் போட்டிருக்கிறீர்கள். என் தீர்ப்பு:

ராஜவாழ்க்கை: பரவாயில்லை, ஆனால் தேய்ந்துபோன சொல். சினிமா விளம்பரம் மாதிரி இருக்கிறது. சுகவாசி: இதுவரை வந்ததில் இதுதான் கிட்ட நிற்கிறது, திட்டும் கம்மி. ஆனால் சுகவாசி என்பது ஒருவருடைய குணம். ரைலி வாழ்க்கை குணமில்லை, வாய்த்த நிலை. உழைப்பாளிக்கும் ஒரு வாரம் ரைலி வாழ்க்கை கிடைக்கலாம். 'உட்கார்ந்து சாப்பிடுவது': இதைச் சொன்னவர் அந்தப் பழமொழியை மறந்துவிட்டார். இருந்து தின்றால் குன்றும் மாளும். நம் ஊரில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று வாயெடுத்தாலே குன்று கரைய ஆரம்பித்துவிடும், எச்சரிக்கை அதற்குள்ளேயே வைத்துத்தான் வருகிறது.

'கொடுத்து வைத்தவர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. எங்கள் வீதியில் எதிர்வீட்டு அக்கா தினமும் ஸ்கூட்டரை எடுக்கும்போது நான் திண்ணையில் பேப்பர் படிப்பதைப் பார்த்து "குடுத்து வெச்சவருங்க நீங்க" என்கிறார். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எப்போதோ கொடுத்திருக்கிறான், போன பிறவியிலோ அதற்கு முன்போ, அது எங்கோ வைப்பில் இருந்து இப்போது திரும்பி வருகிறது. சும்மா கிடைத்த சுகம் என்று ஒன்றை நாம் ஒத்துக்கொள்வதே இல்லை. கணக்கில் ஏதோ வரவு இருந்தாக வேண்டும். ரைலியிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, இரவு 11.55

கணக்கு என்றதும் மாமா நினைவு வந்தார். என் தாய்மாமா. அறுபத்தேழு வயது. ஊரே அவரைப் பார்த்துப் பொறாமைப்படும். முதியோர் சேமிப்புத் திட்டத்தில் முப்பது லட்சம் போட்டிருக்கிறார், 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வந்து விழும். அது போக நாலு வீட்டு வாடகை. கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கலாம் அல்லவா? போன மாதம் ஒரு நாள் அவருடன் இருந்தேன். காலையில் மூன்றாவது வீட்டில் மோட்டார் எரிந்துவிட்டது, மெக்கானிக் வரவில்லை. இரண்டாவது வீட்டுக்காரர் வாடகை தராமல் முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். சாயங்காலம் சாக்கடை அடைப்பு. ராத்திரி படுக்கும்போது கேட்கிறார், "ஏப்பா மாப்ளே, உனக்கு என்னப்பா, மாசம் பொறந்தா சம்பளம். நிம்மதி."

அவருக்கு நான் ரைலி. எதிர்வீட்டு அக்காவுக்கும் நான்தான் ரைலி. எனக்கு மாமா. இந்தச் சொல்லை யாரும் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை, அடுத்தவரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று எழுத வந்தேன், அந்தக் கெல்லியும் சிப்பாயும் குறுக்கே நிற்கிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றித்தான் சொன்னார்கள். சரி, அந்தக் கருத்து வாபஸ்.

பிப்ரவரி 9, காலை 7.30

மாமா அப்போது சொன்ன சம்பளம் பற்றி இங்கே ஒரு திருத்தம் போட்டாக வேண்டும். முதல் நாள் 'நீண்ட விடுப்பு' என்று எழுதினேன். விடுப்பு இல்லை. ஆட்குறைப்பு. எங்கள் பிரிவில் பதினான்கு பேர். மாமாவுக்கு இன்னும் தெரியாது. கார்க் நகரத்துக்காரரிடமும் விடுப்பு என்றுதான் சொன்னேன். யாரும் ஆறுதல் எழுத வேண்டாம், மூன்று மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், வீட்டம்மா பள்ளியில் வேலை பார்க்கிறார். ரைலியைப் பற்றி மட்டும் பேசலாம்.

பிப்ரவரி 9, இரவு 10.15

ஆறுதல் எழுத வேண்டாம் என்றேன், முப்பது பேர் எழுதிவிட்டீர்கள். சரி. நன்றி.

பிப்ரவரி 11, காலை 9.00

மாடு!

இதற்காகவே இவ்வளவு நாள் தேடியது வீண் போகவில்லை. இந்தச் சொற்றொடர் அச்சில் வந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று 1911 டிசம்பரில் வெளியான ஒரு செய்தி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட் என்ற நாளிதழ். கிராம்வெல் என்ற ஊரில் ஒரு மாடு கட்டுக்கடங்காமல் ஓடிவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக யார் கையிலும் சிக்காமல், நாலு பருவமும் விவசாயிகளின் வயலில் இறங்கி மேய்ந்து, கவைக்கோலுக்கும் துப்பாக்கிக்கும் தப்பித்து, 'ரைலி வாழ்க்கை' வாழ்ந்து, கடைசியில் குண்டடி பட்டுச் செத்தது. அதற்குத்தான் அந்த இரங்கல் செய்தி.

இதுவரை வந்த ரைலிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பாட்டு ரைலி ஓட்டல் நடத்துகிறவர். கேவன் ரைலிகள் காசு அடித்தார்கள், அதுவும் உலையும் சுத்தியலுமாக வேலைதான். நிஜமாகவே அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தது ஒரு மாடு மட்டும். அதையும் சுட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 11, காலை 9.40

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1944இல் அமெரிக்க வானொலியில் இதே பெயரில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் தொடங்கியது, வில்லியம் பெண்டிக்ஸ் நடித்தது, பிறகு தொலைக்காட்சிக்கும் போனது. அதில் ரைலிக்கு என்ன வேலை தெரியுமா? கலிஃபோர்னியாவில் விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிப்பது. ஒவ்வொரு வாரமும் ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வார். பெயர் வைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த குத்தல் அது.

பிப்ரவரி 12, மாலை 6.30

மாடு என்றதும் ஆங்கிலத்தில் இருக்கும் இன்னொரு மாட்டுச் சொல் ஞாபகம் வந்தது. 'க்ளோவரில் இருப்பது' என்பார்கள். க்ளோவர் என்பது மூவிலைத் தீவனப் பயிர், நம் பக்கத்துக் குதிரைமசாலுக்குப் பங்காளி. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலேயே இது இருக்கிறது: க்ளோவரில் வாழ்வது என்றால் ஆடம்பரமாக வாழ்வது, ஏனென்றால் அது மாட்டுக்கு அவ்வளவு ருசி, அவ்வளவு கொழுப்பு ஏற்றும் என்கிறார். ஆக வெள்ளைக்காரர்களுக்கும் சுகவாழ்வு என்று நினைத்தால் கண் முன்னால் வருவது மேய்கிற மாடுதான்.

ஆனால் ஜான்சன் மாடு வளர்த்திருக்க மாட்டார். நான் ஏழாவது படிக்கும்போது அப்பிச்சி வீட்டுக் காரிப்பசு ஒரு விடியற்காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் குதிரைமசாலில் இறங்கிவிட்டது. பனி ஈரம் காயாத இளம் பயிர். ஒரு மணி நேரம் அதற்கு ரைலி வாழ்க்கை. அப்புறம் இடது பக்கம் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, மூச்சு வாங்கி, நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. தட்டினால் டம் டம் என்று சத்தம். உள்ளே தீவனம் நுரைத்து, காற்று அந்த நுரையில் சிக்கி ஏப்பமாக வெளியே வர முடியாமல் போகும், எண்ணெய் ஊற்றினால் நுரை உடையும் என்று கால்நடை மருத்துவர் அப்புறம் விளக்கினார். அவர் வருவதற்குள் அப்பிச்சி அரை லிட்டருக்கு மேல் கடலை எண்ணெயை மூங்கில் குழாயில் புகட்டிவிட்டார். பிழைத்தது. எண்ணெய் புகட்டுவது இன்னும் தாமதமாகியிருந்தால் இடது விலாவுக்குப் பின்னால் குத்திக் காற்றை விட வேண்டியிருந்திருக்கும். அன்று முழுக்க அம்மிச்சி மாட்டைத் திட்டிக்கொண்டே தடவிக்கொடுத்தார்.

பிப்ரவரி 13, இரவு 9.10

தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது, அதுவும் மாட்டிலிருந்தே. கோயில் காளை! 'கோயில் காளை மாதிரி சுத்தறான்' என்று எத்தனை தடவை கேட்டிருப்போம். சாமிக்கு நேர்ந்து விட்டது. ஏரில் பூட்ட மாட்டார்கள், வண்டியில் கட்ட மாட்டார்கள், யார் காட்டில் இறங்கினாலும் 'போ சாமி' என்று மெதுவாகத் தள்ளிவிடுவார்களே தவிர அடிக்க மாட்டார்கள். கிராம்வெல் மாடு செய்த அதே காரியம். அங்கே துப்பாக்கி, இங்கே நெற்றியில் மஞ்சள் குங்குமம்.

இதைவிடப் பொருத்தமாக இன்னொன்று கிடைக்காது என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 14, காலை 5.20

மறுப்பை நானே சொல்கிறேன். கோயில் காளை என்று அப்பா அம்மா திட்டுவது இருபது வயதுப் பையனை. பொறுப்பில்லாமல் ஊர் சுற்றுகிறவனை. ஐம்பத்திரண்டு வயதில் திண்ணையில் பேப்பர் படிப்பவனைக் கோயில் காளை என்றால் ஆள் சிரிப்பார்கள். அதோடு ரைலியில் கொஞ்சம் வாழ்த்து இருக்கிறது. கோயில் காளையில் முக்கால்வாசி எரிச்சல். நேற்று ராத்திரி இருந்த உற்சாகம் காலையில் இல்லை.

என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கிறவனுக்கு நம் ஊர்ச் சொல் ஒன்றே ஒன்றுதான். சும்மா. 'சும்மா இரு' என்பதைச் சித்தர்களும் ஞானிகளும் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அதைவிடப் பெரிய சுகம் இல்லை என்றெல்லாம். அதே சொல்லை நேற்று மளிகைக்கடை அண்ணாச்சி சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார், "இப்ப சும்மாதான் இருக்கீங்களா சார்?" அவர் எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. வீடு வரும்வரை அந்தச் 'சும்மா' கூடவே வந்தது.

இன்று செய்த வேலைகள், சும்மா இருந்தபடி: தண்ணீர் பிடித்தது, கியாஸ் பதிவு, அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை, மின்கட்டணம், பையனுக்குக் கல்லூரி விண்ணப்பம், இரண்டு நிறுவனங்களுக்கு என் விண்ணப்பம், துணி, மறுபடி துணி.

பிப்ரவரி 16, இரவு 10.00

கார்க்காரருக்கே எழுதிக் கேட்டால் என்ன என்று இங்கே ஒருவர் யோசனை சொன்னார். வெள்ளிக்கிழமை அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதினேன். நீண்ட விடுப்பு இல்லை, வேலை போய்விட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். நீங்கள் சொன்னதன் பொருள் இப்போதுதான் தெரிந்தது, உங்கள் ஊரில் அதை எப்போது சொல்வார்கள் என்று கேட்டேன்.

பதில் வந்துவிட்டது. தன் பாட்டி அதை நாயைப் பார்த்துத்தான் சொல்வாராம். கணப்படுப்புப் பக்கத்தில் மல்லாந்து படுத்துத் தூங்குகிற நாயைப் பார்த்து, மண்ணள்ளிவிட்டு வந்து கால் கழுவும்போது. மனிதர்களைச் சொன்னதாகத் தனக்கு ஞாபகம் இல்லையாம். அப்புறம் எழுதியிருந்தார்: விடுப்பு இல்லை என்பது அன்றைக்கே தெரியும், பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்திருந்தேன், நீங்கள் விடுப்பு என்றதும் அதை விடுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, வாயில் வந்தது அதுதான், மன்னிக்கவும்.

அந்த ஒரு நொடி மௌனம், முதல் நாளே எழுதியிருந்தேனே. இணைய இணைப்புக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 17, காலை 8.40

நாய் பற்றி ஒருவர் கேட்டார், தமிழில் நாய் வாழ்க்கை என்றால் நேரெதிர் பொருள் ஆயிற்றே என்று. ஆங்கிலத்திலும் நாய் வாழ்க்கை என்றால் படாத பாடுதான். கணப்படுப்பு நாய் மட்டும் விதிவிலக்கு போல.

பிப்ரவரி 21, மாலை 4.15

சொல்லை நான் இனி மொழிபெயர்க்கப் போவதில்லை. ரைலி வாழ்க்கை என்றே எழுதிவிடலாம், குபேரன், கும்பகர்ணன், சோணகிரி எல்லாம் இருக்கும் வரிசையில் அவரும் ஒரு ஓரமாக நின்றுகொள்ளட்டும். வீட்டில் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நேற்று மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த பூனையைப் பார்த்து வீட்டம்மா "ரைலி, நகரு" என்றார்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்படின்னா நாளைக்கு ஒரு நடை வந்துரு மாப்ளே, மூணாவது வீட்டுக்கு மோட்டார் மாத்தோணும்" என்றார்.

பிப்ரவரி 26, இரவு 11.30

கிராம்வெல் மாட்டுக் கதையைக் கார்க்காரருக்கு எழுதி அனுப்பினேன், பாட்டி நாயோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஐந்து நிமிடத்தில் மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரி இப்போது இல்லையாம். எழுத்துப்பிழையோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன், பழைய பதிலிலிருந்தே எடுத்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் திரும்பியது.

அவருடைய கைப்பேசி எண் இருக்கிறது. ஒரு மணி நேரமாக அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.